வெள்ளையாக விட்ட வட்டம்

திங்கள்கிழமை

என் வீட்டுக்காரரின் தங்கையும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியையும், முப்பது பேர் முன்னால் என்னை நாக்கால் அறுத்தவளுமான டீச்சரம்மாவுக்கு, உன் அண்ணி எழுதிக்கொள்வது.

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் படித்தது அவ்வளவுதான் என்றாலும் படித்ததை மறக்கிற பழக்கம் எனக்கில்லை. ஆகவே விசாரிக்கிறேன். சௌக்கியமா? பதில் எழுத வேண்டாம். உன் சௌக்கியம் தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இங்கே என் வலது முழங்காலுக்கும் மாடிப்படிக்கும் தினமும் சண்டை. அதே மூன்றாவது மாடிதான். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. கடைசியாக நீ வந்தபோது அதைப் பார்த்து, இந்த வீட்டுல தண்ணிகூட நிக்காது போல என்று சொன்னாயே, அதே குழாய். நீ சொல்லும்போது நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நாலாவது கிழங்கு. உனக்கு மறந்திருக்கும்.

பேத்தி நன்றாக இருக்கிறாள். கண்ணாடிக் கடையில் கண் சோதித்து லென்ஸ் எழுதிக்கொடுக்கிற அதே வேலை. இப்போது பயிற்சிக்கு வெளியூர் அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் நான் மட்டும். அவளைப் பற்றி இதற்கு மேல் நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கவரில் பஞ்சு சுற்றி ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்திருக்கிறேன். நீல மூடி போட்டது. பயப்படாதே, வெடிக்காது. அதில் நீ துப்ப வேண்டும்.

நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. கேள்.

நான் முப்பத்திரண்டு வருஷம் விரிப்பு வெளுத்த ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. குடி ஏன் ஒருத்தனைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது, இன்னொருத்தனை மட்டும் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது, அது பெற்றவர்களிடமிருந்து உடம்பிலேயே வருகிறதா, வந்தால் எந்த மரபணுவில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடுகிறார்கள். இதற்கு ஊசிகூட வேண்டாமாம், எச்சில் போதுமாம். ஒருத்தனுடைய பரம்பரையே அவன் எச்சிலில் இருக்கிறதாம். என் பிள்ளை அங்கேதானே செத்தான், பழைய பதிவேட்டைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது ஒரு சின்னப் பெண். கழுத்தில் அட்டை, காலில் கான்வாஸ் ஷூ. அவள் படித்த படிப்பின் பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் எச்சில் டாக்டர் என்று கூப்பிடுகிறேன், அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

அவள் ஒரு பெரிய தாளை விரித்து எங்கள் குடும்பத்தை வரைந்தாள். ஆண்பிள்ளைக்குச் சதுரம், பெண்பிள்ளைக்கு வட்டம். குடியில் மாட்டினவர்களுக்கு உள்ளே பென்சிலால் கறுப்பு. முதலில் உங்கள் பக்கம். உன் அப்பா கறுப்பு. உன் பெரியப்பா, சைக்கிளை ஒழுங்காகப் பூட்டி நிறுத்திவிட்டு வாய்க்காலில் படுத்துத் தூங்கி எழுந்திருக்காமலே போனாரே, அவர் கறுப்பு. உன் அண்ணன் கறுப்பு. என் பிள்ளை கறுப்பு. அவன் சதுரத்தை மட்டும் அவள் மெதுவாகத் தீட்டினாள், நல்ல பெண். உன் வட்டத்தை நான்தான் வெள்ளை என்று சொன்னேன். கோபத்திலும் நியாயம் பார்க்கிறவள் நான். மற்றபடி உங்கள் பக்கம் கரி பிடித்த கெட்டில் மாதிரி இருந்தது.

அப்புறம் என் பக்கம். உங்க அப்பா எப்படி, பாட்டி? வெள்ளை என்றேன். உங்க அம்மா? வெள்ளை. மாமா, சித்தி? வெள்ளை, வெள்ளை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பாட்டி என்றாள். யோசிக்கிற பழக்கமெல்லாம் எனக்கில்ல கண்ணு, ஞாபகந்தான் என்றேன். நான் வெளுத்த விரிப்பை விரித்துப் போட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது என் பக்கம்.

நானும் பேத்தியும் துப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் கறுப்பு இருக்கிற பக்கத்தில் உயிரோடு இருக்கிற ஒருத்தருடைய எச்சில் வேண்டுமாம். யார் இருக்கிறார்கள்? எல்லோரையும் அனுப்பிவிட்டு நீதான் உட்கார்ந்திருக்கிறாய்.

உனக்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. எனக்காக. பத்தொன்பது வருஷமாக நான் தேடியது இதுதான்.

என் கல்யாணப் பேச்சு நடந்தபோது என் அப்பா, பையனுக்குக் குடிப்பழக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டார். நீ முந்திக்கொண்டு, என் அண்ணன் டீயே சக்கரை கம்மியாத்தான் குடிப்பான் என்று சொல்லிச் சிரித்தாய். அது ஒன்று.

என் பிள்ளைக்கு நாலு வயதில் காய்ச்சல். உன் அண்ணன் ஆறு நாளாக வீட்டுக்கு வரவில்லை. வந்து பார்த்துவிட்டுப் போ என்று உனக்கு எழுதினேன். என் கடிதம் திரும்பி வந்தது. பதினோரு இடத்தில் சிவப்பு மையால் சுழித்து, அடியில் கவனம் தேவை என்று எழுதியிருந்தாய். பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி என்று ஒரு வரி இல்லை. அந்தக் கடிதம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அது இரண்டு.

மூன்றாவது உனக்கே தெரியும். என் பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருந்தது. முப்பத்தெட்டு வயது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, அடையாளமே இல்லை. நீ சாம்பல் நிறத்தில் உடுத்திக்கொண்டு, வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு நின்றாய். உனக்கு எப்போதும் பல்வலி. உன் அண்ணன் அந்த நேரத்திலும் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாய், எங்க வீட்டு ரத்தத்துல இது கிடையாது, அண்ணனே இவளக் கட்டின பிறகுதான் கெட்டான், இது பிள்ளைக்கு அம்மா வழியில வந்த சீக்கு என்று. ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும். பேத்திக்கு அப்போது ஏழு வயது. அப்பாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் என் மேல் துப்பியிருக்கிறாய். இப்போது ஒரு தடவை இந்தக் குழாயில் துப்பு. சாப்பிட்டு அரை மணி கழித்து, வாய் கொப்பளித்துவிட்டு. கோடு வரைக்கும் வர வேண்டும், நுரை கணக்கில் வராது. மூடியை அழுத்தினால் அதற்குள் இருக்கிற மருந்து தானாக இறங்கும். படிவத்தில் கையெழுத்துப் போடு. எந்தப் பக்கத்து ரத்தம் என்று முத்திரை குத்திய காகிதத்தில் வரட்டும். வந்ததும் அதைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன், ஒழுகுகிற குழாய்க்கு நேர் எதிரே.

நீண்ட ஆயுளோடு இரு. அந்தக் காகிதத்தைப் படிக்க நீ இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத அண்ணி


வியாழக்கிழமை

சொந்தமாகத் துப்பத் தெரியாத டீச்சரம்மாவுக்கு, அண்ணி எழுதுவது.

குழாய் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. கோடு வரைக்கும் கச்சிதமாக இருந்தது. படிவத்தில் உன் கையெழுத்து, அச்சில் வார்த்த மாதிரி. ஒரு நிமிஷம் நான்கூட ஏமாந்தேன், கிழவிக்குப் புத்தி வந்துவிட்டது என்று.

நேற்று எச்சில் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினாள். உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் கேட்காமல் தண்ணீர் கொடுத்தால் கெட்ட சேதி என்று எனக்குத் தெரியும். பாட்டி, அந்த அத்தைப் பாட்டி உங்க வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த தங்கச்சிதானா என்று கேட்டாள். ஒரே மூக்கு, பொய் சொல்றப்ப நுனி சிவக்கிற மூக்கு, ஏன் கேக்குற என்றேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள், அவங்க எச்சிலும் உங்க பேத்தி எச்சிலும் ஒட்டவே இல்ல, ரோட்டுல போற ரெண்டு பேருக்குள்ள என்ன சொந்தமோ அதுதான் இருக்கு என்று. குழாய் எங்காவது மாறியிருக்கும் என்று பாவம் தன் மேலேயே பழி போட்டுக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் யாரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். குழாய் மாறல கண்ணு, வாய்தான் மாறியிருக்கு என்றேன்.

யாரைத் துப்பவைத்தாய்? உன் வீடு பெருக்க வருகிறவளையா, எதிர்வீட்டுக்காரியையா? என் பிள்ளை உன் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வருஷம் படித்தான். பக்கத்துப் பையனைப் பார்த்து ஒரு கணக்கு எழுதினான் என்று, சொந்த அண்ணன் மகனென்றும் பார்க்காமல் ஒரு நாள் முழுக்க பெஞ்சு மேல் நிற்கவைத்தாய். அவன் கால் வீங்கி வந்தது. இப்போது எழுபத்து மூன்று வயதில் நீ எச்சிலைக் காப்பியடித்திருக்கிறாய். ஏறு பெஞ்சு மேல்.

அந்தக் குழாயை அழித்துவிட்டார்கள். யாருடையதோ தெரியாது, அவங்க சம்மதம் இல்லாம வெச்சுக்கக் கூடாது என்று எச்சில் டாக்டர் சொல்லிவிட்டாள். உன்னைவிட அவளுக்கு ஒழுக்கம் அதிகம்.

சரி, இருக்கிற எச்சிலை வெச்சு எந்தப் பக்கத்துக் குத்தம்னு எழுதி ஒரு சீல் குத்திக் குடு என்று கேட்டேன். அப்படியெல்லாம் தனித்தனியாகக் காகிதம் கொடுக்க மாட்டார்களாம். ஆயிரக்கணக்கான குடும்பத்தைச் சேர்த்துவைத்துப் பார்த்தால்தான் ஏதோ கொஞ்சம் தெரியுமாம். இது ஒரே ஆளு பண்ணின திருட்டு இல்ல பாட்டி, நூத்துக்கணக்கான பேர் ஆளுக்கு ஒரு செங்கல் உருவிட்டுப் போற மாதிரி, ரெண்டு பக்கத்துலருந்தும் உருவுவாங்க, அப்படியும் வீடு விழணும்னு கட்டாயமில்ல, வளர்ற இடம், சேர்க்கை, மனசு எல்லாம் பாதிக்குப் பாதி இருக்கு என்றாள். நான் ஒரு குற்றவாளியைக் கேட்டுப் போனேன். அவள் கண்ணுக்குத் தெரியாத நூறு பேரைக் காட்டுகிறாள். யாரையென்று திட்டுவது?

இதுவரை எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். சண்டை நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் இதற்காக நான் பேனா எடுக்கவில்லை.

பேத்தி பயிற்சிக்குப் போகவில்லை. அதே ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் வார்டில் இருக்கிறாள், ஜன்னலோரக் கட்டில். மூன்றாவது தடவை. பதிவேட்டைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்கள் என்று எழுதினேனே, அது பொய். அவளைச் சேர்க்கப் போனபோதுதான் கேட்டார்கள்.

கடையில் ஒரு வயசாளிக்கு லென்ஸ் மாட்டும்போது கை நடுங்கிக் கண்ணாடி கீழே விழுந்திருக்கிறது. அப்போதுதான் முதலாளிக்குத் தெரிந்தது. எனக்கு அதற்கும் பிறகு. பாட்டிலை எங்கே ஒளித்துவைத்திருந்தாள் தெரியுமா? என் சலவைத்தூள் டப்பாவில். வாழ்நாள் முழுக்கத் துணியும் சோப்புமாகவே இருந்தவள் நான், என் டப்பாவில்.

ஒன்பதாம் வார்டு விரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்தின முதல் நாலு நாள் உடம்பு பிழிகிற வேர்வை, இரண்டு தடவை ஊறவைத்தாலும் போகாத ஒரு புளிப்பு வாடை. மூட்டையை அவிழ்க்காமலே அது எந்த வார்டு என்று சொல்லுவேன். என் பிள்ளையின் விரிப்பு அந்த மூட்டையில் வந்தது. இப்போது அவளுடையது.

நான் ஒரு தப்புச் செய்தேன். எச்சில் டாக்டர் வரைந்த படத்தை நகலெடுத்துத் தரச் சொல்லி, பெருமையாக வார்டுக்குக் கொண்டுபோனேன். பாருடி, உன் மேல குத்தமே இல்ல, எல்லாம் உங்க தாத்தா வீட்டு வேலை என்று அவள் மடியில் விரித்தேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடி மாட்டிப் பார்க்கிறவர்கள் எழுத்தை ஒவ்வொன்றாகப் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு வட்டத்தின் மேலும் விரலை வைத்தாள். அப்புறம் கேட்டாள், பாட்டி, சதுரந்தான் கறுப்பா இருக்கு, வட்டம் ஒண்ணுகூட இல்லையே, ரெண்டு வீட்டுலயும் சேத்து நான் ஒருத்திதானா என்று.

படத்தை அவள் மடியிலிருந்து எடுத்து மடித்தேன்.

ஆம்பளைங்களுக்கு எழுதி வெச்சது பொம்பளைல எனக்கு மட்டும் வந்திருக்கு, அப்பா முப்பத்தெட்டு, நான் அதுக்கு முன்னாடியே, விட்டுடு பாட்டி என்றாள். யாரிடமும் சொல்லாமல் மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு வார்டை விட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் தேடினேன். பஸ் நிலையத்தில் கழிப்பறைக்குப் பக்கத்து பெஞ்சில் கிடைத்தாள். இந்த முழங்காலோடு நான் எப்படி அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டேன் என்று கேட்காதே.

ரத்தம் ரத்தம் என்று ஏழு வயதுப் பிள்ளை காதில் முதலில் போட்டவள் நீ. அதை உன்னோடு விட்டேனா? உங்க தாத்தா ரத்தம், உங்க அப்பன் ரத்தம் என்று பத்தொன்பது வருஷமாக அதே பாட்டை நானும் பாடினேன். அவள் நம்பிவிட்டாள்.

இரண்டாவது குழாய் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை நீயே துப்பு. இல்லையென்றால் ஏன் துப்பவில்லை என்றாவது எழுது. துப்புவதில் உனக்கு என்ன பயம்? நீயென்ன குடித்தா கெட்டாய்?

இப்படிக்கு,
உன் அண்ணி


ஞாயிற்றுக்கிழமை

டீச்சரம்மாவுக்கு, அண்ணி.

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம். மூன்று தடவை படித்தேன். குழாயைக் காலியாகவே திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

வீடு பெருக்கும் பெண்ணிடம் பல் டாக்டருக்கு என்று சொல்லித் துப்பவைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அவளிடம் மன்னிப்புக் கேள், முதல் வேலையாக. மற்றதெல்லாம் அப்புறம்.

மற்றதற்கு வருகிறேன். துப்பினா தெரிஞ்சிடும்னு பயந்தேன் அண்ணி என்று எழுதியிருக்கிறாய். இவ்வளவு படித்தவள், இத்தனை வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவள், எச்சிலைப் பார்த்தால் நீ குடித்ததெல்லாம் வரிசையாக எழுதி வந்துவிடும் என்று நினைத்திருக்கிறாய். நானே சிரிக்கவில்லை, பார்த்துக்கொள்.

நாற்பது வருஷம். பள்ளிக்கூட அலமாரியில், பழைய விடைத்தாள் கட்டுக்குப் பின்னால், மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரில். அசெம்பிளிக்கு முன்னால் ஒரு வாய், மத்தியானம் ஒரு வாய், மணி அடித்த பிறகு கணக்கில்லாமல். என் கடிதத்தில் சிவப்பு மையால் சுழித்தபோதும் டம்ளர் பக்கத்தில் இருந்தது என்கிறாய். என் பிள்ளை சாவில் நின்றபோதும்.

கிராம்பு.

உனக்குப் பல்வலி என்று நினைத்தேன். நான் கண்டுபிடித்திருக்க வேண்டும் டீச்சரம்மா. வேறு யார் விட்டிருந்தாலும் நான் விட்டிருக்கக் கூடாது. ஏன் என்று பின்னால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு வந்தது இரக்கமில்லை. சந்தோஷம். எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு நடை நடந்தேன். எங்க வீட்டு ரத்தத்துல இது கிடையாது என்று சொன்ன வாயிலேயே இருந்திருக்கிறது. முத்திரை குத்திய காகிதம் கேட்டேன். உன் கையாலேயே, உன் அச்சுக் கையெழுத்திலேயே வந்துவிட்டது. இதைவிட நல்ல முத்திரை எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. அன்றைக்குக் கூடத்தில் நின்ற முப்பது பேரில் பதினேழு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், விலாசத்தோடு எனக்குத் தெரியும். நகலெடுக்கிற கடை எங்கள் படிக்கு நேர் கீழே. செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

இரண்டாவது மாடி வரைக்கும் இறங்கினேன். அங்கே முழங்கால் நின்றுவிட்டது. முழங்கால்தான் என்று வைத்துக்கொள்.

படியில் உட்கார்ந்து உன் நாலாவது பக்கத்தை மறுபடி படித்தேன். அண்ணன் செத்த அன்னிக்கு நிறுத்தினேன், பதினாலு வருஷமாச்சு, இப்பவும் அந்த அலமாரி கனவுல வருது என்று ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கிறாயே, அந்த வரி. முதலில் படித்தபோது அதைத் தாண்டிப் போய்விட்டேன். உன்னைப் பற்றி நல்லதாக ஒன்றைப் படித்துப் பழக்கமில்லை.

அப்படியே ஆட்டோ பிடித்து எச்சில் டாக்டரிடம் போனேன். அந்தப் படத்தை எடு, ஒரு பென்சில் குடு என்றேன். கம்ப்யூட்டர்ல மாத்திக்கலாம் பாட்டி, சொல்லுங்க என்றாள். முடியாது, நான்தான் தீட்டணும் என்றேன்.

என் பக்கத்தில், மேல் வரிசையில், முதல் வட்டம். என் அம்மா.

இதை உன் அண்ணனுக்கும் சொன்னதில்லை, என் பிள்ளைக்கும் சொன்னதில்லை. என் அம்மா சோம்பு மெல்லுவாள். மெல்லாத நேரமே கிடையாது. தெருவில் எல்லோரும் அவள் வாய் மணக்கும் என்பார்கள். அடுப்புப் பற்றவைக்கிற நேரத்தில் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் கையில் தீப்பெட்டியோடு அப்படியே சாய்ந்துவிடுவாள். ஒரு தடவை திரைச்சீலை பற்றிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றது படிப்பு ஏறாமல் இல்லை. வகுப்பில் நான்தான் முதல். நீ சிவப்பு மையால் சுழித்த பதினோரு பிழையும் அந்தத் தீப்பெட்டியிலிருந்து வந்தவை.

உங்க அம்மா என்று அந்தப் பெண் கேட்டதும் வெள்ளை என்று வந்தது பார், அதற்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. எண்பதை நெருங்குகிறேன், செத்துப்போன தாய்க்கு இன்னும் காவல். உன்னை ஜெயிக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து என் பேத்தியைத் தனியாக விட்டுவிட்டது. நீ உன் டம்ளரை மூடினாய், நான் என் அம்மாவை மூடினேன். நாம் வெளுத்துவைத்த இரண்டு வட்டத்துக்கு நடுவில் அவள் ஒற்றைக் கறுப்பாக நின்றாள்.

தீட்டினேன். அழுத்தித் தீட்டியதில் முனை ஒடிந்துவிட்டது. எச்சில் டாக்டர் சீவிக் கொடுத்தாள்.

உன் வட்டத்தை நான் தொடவில்லை. கை துறுதுறுத்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் தொடவில்லை. அது நீ வந்து தீட்ட வேண்டியது.

படத்தை மறுபடி வார்டுக்குக் கொண்டுபோனேன். என் அம்மாவைப் பற்றிப் பேத்தியிடம் முழுக்கச் சொன்னேன். திரைச்சீலை, சோம்பு, எல்லாம். அவள் எழுந்து உட்கார்ந்தாள். பத்து நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கொள்ளுப்பாட்டி எப்ப நிறுத்தினாங்க என்று கேட்டாள்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். பழக்கப்பட்டவள்தான். நிறுத்தல, அதுலயே போனா, நாப்பத்தொன்பது வயசு என்று சொல்லிவிட்டேன். அவள் சரி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டாக்டர் மாத்திரை கொடுக்கிறார். பேச வைக்கிற ஒரு அம்மா வாரம் இரண்டு தடவை வருகிறாள், நன்றாகத்தான் பேசுகிறாள். எல்லோருக்கும் பேத்தி தலையாட்டுகிறாள். உனக்கென்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஆட்டுகிற தலை அது. எனக்கு அந்தத் தலையாட்டல் தெரியும், என் பிள்ளையிடம் பார்த்தது.

நிறுத்தின ஒருத்தி வேண்டும். இரண்டு வீட்டிலும் சேர்த்து ஒருத்திதான் இருக்கிறாள். தேடித் தேடி என் எதிரியிடமே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

ஆகவே கேட்டுக்கொள். யாரிடமும் சொல்லாதீங்க அண்ணி என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதம் இப்போது என் அலமாரியில், அந்தச் சிவப்பு மைக் கடிதத்தின் மேல் இருக்கிறது. நீ வந்தால் அது அங்கேயே இருக்கும், நான் செத்தால் என்னோடு போகும். வராவிட்டால் பதினேழு நகல். முழங்கால் இறங்காவிட்டால் என்ன, கூடை கட்டி இறக்கிவிடுவேன்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. அதை எதிர்பார்த்துக்கொண்டு பஸ் ஏறாதே. நான் பழி வாங்குவது இப்படித்தான். நாற்பது வருஷம் விடைத்தாளுக்குப் பின்னால் ஒளித்துவைத்ததை, என் பேத்தி முகத்தைப் பார்த்து, உன் வாயால் நீ சொல்ல வேண்டும். டம்ளர், கிராம்பு, அசெம்பிளி, ஒன்றுவிடாமல். நிறுத்தின அன்றைக்குக் கை எப்படி நடுங்கியது, இரண்டாம் நாள் எப்படிப் போனது, அந்த அலமாரிக் கனவு வருகிற அன்றைக்கு என்ன செய்கிறாய், எல்லாம். உங்கள் ரத்தந்தான் என்று நீயே சொல். சொல்லிவிட்டு, அதே ரத்தத்தோடு பதினாலு வருஷமாக நீ எழுந்து நடமாடுகிறாய் என்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும்.

இந்தக் கவரில் குழாய் வைக்கவில்லை. துப்ப வேண்டியதை இங்கே வந்து துப்பலாம், எச்சில் டாக்டர் காத்திருக்கிறாள். இந்தக் கடிதத்திலும் பிழை இருக்கும். சுழித்துக் கையோடு கொண்டுவா, அவளுக்கும் ஒரு சிரிப்பு வரட்டும்.

பார்வை நேரம் நாலிலிருந்து ஆறு. ஒன்பதாம் வார்டு, படியேறி இடது பக்கம், ஜன்னலோரம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருக்கிறார்கள். நீ உட்கார்ந்துகொள். நான் வராந்தாவில் நிற்கிறேன். என் முழங்கால் நிற்கும்.

அவள் தேறி எழுகிற வரைக்கும் நீ நன்றாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் சாகக் கூடாது.

அண்ணி